இரண்டாவது கைப்பிடி

அத்தியாயம் 19

கை தூக்கிய தமிழ்மாறனை ஒரு வாரம் முழுக்க அப்படியே நிறுத்தி வைத்துவிட்டேன். பாவம், கை கடுத்துப் போயிருக்கும்.

இன்றுதான் இந்தத் தொடரைக் கையில் எடுப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சின்ன கிறிஸ்தவ சபை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் வாழ்ந்த குடும்பங்கள். பாஸ்டருக்கு அடுத்தபடியாக அந்தச் சபையை நடத்தும் மூப்பர் ராசாங்கம். மனைவி காத்தாயி. மகள் சத்யப்பிரியா பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். மகன் தமிழ்மாறன், இருபத்து மூன்று வயது, சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை.

தமிழ்மாறனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஞானஸ்நானம். அதற்காகப் பன்னிரண்டு வாரம் சீஷத்துவ வகுப்புக்குப் போனான். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பாஸ்டர் அழகேசன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி, யாருகிட்டயாவது போயி சரிபண்ண வேண்டியது பாக்கி இருக்கா?"

மற்ற மூன்று பேரும் பாயைப் பார்த்தார்கள். இவன் கையைத் தூக்கினான்.

"நான் ஆண்டிமடம் போகணும், பாஸ்டர்."

"நல்லது. போயிட்டு வா. ஆனா தம்பி, அதுல வேற யாராச்சும் சம்பந்தப்பட்டிருந்தா, மொதல்ல அவங்ககிட்ட தனியா பேசிடு. அதான் ஒழுங்கு."

தமிழ்மாறன் தலையை ஆட்டினான். பன்னிரண்டு வாரமும் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதியவன் இந்த ஒன்றை மட்டும் காதில் வாங்கவில்லை. புதிதாக விசுவாசத்தில் சூடு பிடித்தவர்களுக்கு அவசரம் அதிகம். எனக்கு அவன் மேல் கோபம்தான். என்ன செய்வது, கதை எழுதுகிறவள் கத்தினால் அவனுக்குக் கேட்கவா போகிறது?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டான். காத்தாயி அடுப்படியில் அரிசி களைய உட்கார்ந்திருந்தாள். உலையில் போடுவதற்கு முன், ஒரு கைப்பிடி அள்ளிப் பக்கத்துப் பானையில் போட்டாள். பிறகு இன்னொரு கைப்பிடி.

அந்தச் சபையில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம் இது. ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் சபைக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் சபையின் பெரிய மூட்டையில் கொட்டுவார்கள். அடுப்பெரியாத வீட்டுக்கு அந்த அரிசி போகும்.

"ஆண்டிமடம் வரைக்கும் போயிட்டு வரேம்மா."

காத்தாயியின் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அங்க யாருடா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். 

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி ஆண்டிமடம் போய் இறங்கும்போது மணி ஒன்பது. மே மாத வெயில் அதற்குள் உச்சிக்கு வந்த மாதிரி அடித்தது. விசாரித்துக்கொண்டே போனதில், முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு கீற்றுக்கொட்டகையைக் காட்டினார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு ஆண்.

அய்யாக்கண்ணு.

வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. பருப்பு ஒரு பக்கம், தோடு ஒரு பக்கம். தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன.

"யாரு?"

"நாந்தான் மாமா. ராசாங்கம் மவன். மாறன்."

"வளந்துட்ட" என்றார். கட்டை நிற்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் சபையின் காவல்காரர் இவர்தான். சபைக் கட்டடத்தின் பின்பக்க அறையில் மனைவி சிந்தாமணியோடு குடியிருந்தார். சாவி இவரிடம் இருந்தது. சபைக்கு மணி வாங்க வசதியில்லை. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ஞாயிறு காலை ஆராதனைக்கும், யாராவது இறந்துபோனாலும் அதை அடிப்பார்கள். அடிப்பது இவர்தான்.

1995-இல் ஒரு நாள் கைப்பிடி அரிசி மூட்டை காணாமல் போனது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்போதைய போதகர், "யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுத் தமிழ்மாறன் எழுந்து, "அய்யாக்கண்ணு மாமா தூக்கிட்டுப் போனத பாத்தேன்" என்றான். சின்னப் பிள்ளை பொய் சொல்லுமா? அன்றே சாவியை வாங்கிக்கொண்டு சபையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள்.

இப்போது அதே பையன், மீசை வைத்துக்கொண்டு, அவர் முன்னால் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மாமா, அன்னிக்கு நான் உங்கள பாக்கவே இல்ல. நான் சொன்னது பொய்."

"தெரியும்."

"மாமா..."

"நான் எடுக்கலன்னா நீ சொன்னது பொய்தானடா? இதக் கண்டுபிடிக்க நீ பஸ் ஏறி வரணுமா?"

பக்கத்திலிருந்த பெண்கள் கட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு எழுந்து வெளியே வந்தார். புளியமர நிழலில் நின்றுகொண்டு எண்ணெய் போகக் கையில் சாம்பலைத் தேய்த்தார்.

"எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். ஏன் சொன்ன? பன்னெண்டு வயசுப் புள்ள தனக்காக அப்படி ஒரு பொய் சொல்லாது. யாரக் காப்பாத்த சொன்ன?"

தமிழ்மாறன் முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"மச்சானா? உங்கப்பாவா?"

'இல்லை' என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கு ஞானஸ்நானம், இன்றைக்கு இன்னொரு பொய்யா? 'ஆமாம்' என்று சொல்லவும் மனம் வரவில்லை. நின்றான். அவன் நின்ற விதத்திலேயே அய்யாக்கண்ணுவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சிந்தாமணி போன வருசம் செத்துப்போச்சு. தெரியுமா?"

"கேள்விப்பட்டேன் மாமா."

"சாவறதுக்கு மொத நாளு என் கையப் புடிச்சிக்கிட்டு கேட்டா. 'நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க. இப்பவாச்சும் சொல்லுங்க, அந்த அரிசிய என்னதான் பண்ணுனீங்க?' நான் எடுக்கல புள்ளன்னேன். சரின்னா. நம்பித்தான் சரின்னாளா, சாவப்போற நேரத்துல எதுக்கு சண்டைன்னு சொன்னாளா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

"மன்னிச்சிடுங்க மாமா."

"அதுக்கு அவ இல்லையே."

கையிலிருந்த சாம்பலை உதறிவிட்டு, "எப்ப முழுக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கு காலையில. கொள்ளிடத்துல தண்ணி இல்ல. பிச்சைமுத்து அண்ணன் பம்புசெட் தொட்டியிலதான்."

"ம்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கட்டையை எடுத்தார்.

பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு போன தமிழ்மாறன், போன பாரத்தோடு இன்னொன்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஊர் வந்து சேர்ந்தபோது மூன்று மணி. அப்பா பம்புசெட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். நேராக அங்கே போனான்.

ராசாங்கம் காலித் தொட்டிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, பனியனெல்லாம் பச்சை. இந்த வேலைக்கு ஆள் வைத்திருக்கலாம். மகன் இறங்கப்போகும் தொட்டி என்று மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா, வா. வழுக்கி விட்டுச்சுன்னா நாளைக்கு பாஸ்டரயும் இழுத்துக்கிட்டு விழுவ" என்று சிரித்தார். "இறங்கு. அந்த மூலையத் தேயி."

தமிழ்மாறன் இறங்கினான். நாரைக் கையில் எடுத்தான்.

"ஆண்டிமடம் போயிருந்தேம்பா."

தேய்க்கும் சத்தம் கொஞ்சம் மெதுவானது.

"அய்யாக்கண்ணு மாமாவ பாத்தேன்."

சத்தம் நின்றது.

"என்ன சொன்ன?"

"என் பொய்ய சொன்னேன்."

"உன் பொய்ய மட்டுமா?"

"உங்க பேர நான் சொல்லல. அவரே கேட்டாரு. நான் பேசாம நின்னேன்."

"பேசாம நின்னா சொன்ன மாதிரிதானடா."

"அன்னிக்கு நீங்களும் பேசாமதான்பா நின்னீங்க."

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சின் கனம் அவனுக்கே தெரிந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துத் தேய்த்தான். பதினோரு வருஷத்தில் அப்பனும் மகனும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. மூட்டை காணாமல் போன அன்று விடியற்காலையில் கொல்லைப் பக்கம் போன பையன், மூட்டையோடு வந்த அப்பாவைப் பார்த்தான். பார்த்ததை அப்பாவும் பார்த்தார். அதோடு சரி.

"எங்கிட்ட மொதல்ல கேட்டிருக்கலாம்ல?" ராசாங்கம் நாரைக் கீழே போட்டார். "நேத்து ராத்திரி ஒண்ணாத்தான உக்காந்து தின்னோம்? 'அப்பா, நாளைக்கு போறேன், நீங்களும் வரீங்களா'ன்னு ஒரு வார்த்தை?"

பாஸ்டர் சொன்னது இப்போதுதான் தமிழ்மாறனின் காதில் விழுந்தது. ஒரு நாள் பிந்திவிட்டது.

"தப்புத்தாம்பா."

ராசாங்கம் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப மூணு நாளா வூட்டுல உலை வைக்கல. உன் தங்கச்சிக்கு காய்ச்சல். பொட்டு அரிசி இல்ல."

"சபையில கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களேப்பா. அதுக்குத்தான அந்த அரிசி?"

"கேக்க வாய் வரலடா. முந்தின ஞாயித்துக்கிழமைதான் எந்திரிச்சி சாட்சி சொன்னேன். கர்த்தர் எங்க வூட்டுல ஒரு கொறையும் வைக்கலன்னு. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. நாலு நாளு கழிச்சி எப்படிப் போயி கையேந்துறது? சபைக் கதவு தெறந்து கெடந்துச்சி. எடுத்துட்டு, வேல கெடச்சதும் திருப்பி வச்சிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ எந்திரிச்சி நின்ன."

எவ்வளவு சின்ன வெட்கம், பாருங்கள். நல்ல சாட்சி கெட்டுப்போகக் கூடாதென்று திருடியிருக்கிறார் மனுஷர். நான் சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

"நாளைக்கு நான் இறங்கலப்பா. பாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

"ஏன்னு கேப்பாரே?"

"கேப்பாரு."

"என்ன சொல்லுவ?"

அதற்குள் தொட்டி விளிம்பில் பிச்சைமுத்துவின் தலை தெரிந்தது. "மூப்பரே, த்ரீ பேஸ் வந்துருச்சி. மோட்டரப் போடவா? விட்டா கரண்ட் போயிரும்."

ராசாங்கம் ஏறி வெளியே வந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். எந்தப் பக்கம் போகிறார் என்று அவருக்கே தெரியாது போலிருந்தது.

சாயங்காலம் ஆறு மணி. ஊருக்கு வந்திருந்த சத்யப்பிரியா அண்ணனின் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காத்தாயி ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளந்தாள். பானையில் ஒரு கைப்பிடி. இன்னொரு கைப்பிடி.

"அம்மா, எல்லா வூட்டுலயும் ஒரு கைப்பிடிதான. நீ ஏன் ரெண்டு போடுற?" என்று கேட்டான் தமிழ்மாறன்.

"இன்னிக்குத்தான் பாத்தியா?"

"எப்பவும் பாக்குறதுதான். இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சு."

காத்தாயி அரிசியில் தண்ணீர் ஊற்றினாள். "ஒண்ணு நம்ம வூட்டுக்கு. இன்னொண்ணு அய்யாக்கண்ணு அண்ணன் வூட்டுக்கு. அந்த அண்ணன் இங்க இருந்தா அவங்க வூட்டுலயும் போடுவாங்கல்ல?"

சத்யப்பிரியாவின் ஊசி நின்றது. அவள் ஒன்றும் அறியாதவள். அண்ணனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றான் தமிழ்மாறன்.

"அன்னிக்கு கடையில கடன் சொல்லி வாங்கியாந்தேன்னு உங்கப்பா குடுத்தாரு. உலையில போட்டேன். ஒரு பருக்கை கொழையுது, ஒரு பருக்கை கல்லு மாதிரி நிக்கிது. பொன்னி, ரேஷன் புழுங்கலு, பச்சரிசி, செவப்பரிசி, எல்லாம் கலந்து கெடக்கு. எந்தக் கடையிலடா அப்படி அரிசி விக்கிறான்? நாப்பது வூட்டு அரிசி ஒண்ணா வேவாது. வடிக்கும்போதே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சும் போட்டியா?"

"போட்டேன். இவ மூணு நாளா வாயில ஒண்ணும் வைக்கல. கஞ்சியா கரைச்சி ஊத்துனேன். நானும் தின்னேன்."

"எனக்காகவாம்மா?" என்றாள் சத்யப்பிரியா. காத்தாயி அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"ஏம்மா வெளிய சொல்லல?"

"அவரா சொல்லுவாருன்னு இருந்தேன். இந்த வாரம் சொல்லுவாரு, அடுத்த வாரம் சொல்லுவாருன்னு. அதுக்குள்ள சாவிய அவருகிட்ட குடுத்தாங்க. அப்பறம் மூப்பராக்குனாங்க. அவரு ஜெபம் பண்ணா ஜனங்க அழுவுறாங்க. அதுக்கப்பறம் நான் எப்படிடா வாயத் தொறப்பேன்? ரெண்டு கைப்பிடி போட்டா போதும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன்."

அடுப்பில் உலை கொதித்தது. பேச்சு நின்றபோதுதான் கொல்லைக் கதவருகே ஆள் நிற்பது தெரிந்தது.

ராசாங்கம். காலில் வரப்புச் சேறு காய்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! பெண்டாட்டியைப் பார்த்தார். பதினோரு வருஷமாக இவளுக்குத் தெரியாது என்று நம்பி, இவள் கையால் தினமும் சோறு வாங்கித் தின்றிருக்கிறார்.

"காத்தாயி..." என்றார். 

அரைஞாண் கயிற்றிலிருந்து சபைச் சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து, கைப்பிடி அரிசிப் பானையின் மூடி மேல் வைத்தார்.

"காலையிலேருந்து ஒண்ணும் திங்கல. சாப்புட்டுப் போங்க."

அவர் வந்த வழியே வெளியே போய்விட்டார்.

சோறு வடித்து நிமிர்த்தும் நேரத்தில், வாசலில் செருப்புச் சத்தம். கையில் ஒரு மஞ்சள் பையோடு அய்யாக்கண்ணு நின்றார். காத்தாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். அந்த வீட்டு வாசலை அவர் மிதித்துப் பதினோரு வருஷம்.

"மச்சான் இருக்காரா?"

"இப்பத்தாண்ணே வெளிய போனாரு. உள்ள வாங்க."

"நாளைக்கு வரலாம்னுதான் இருந்தேன். கட்டையத் தட்ட முடியல. பருப்பெல்லாம் நொறுங்குது. கெளம்பிட்டேன்." சுவரோரம் உட்கார்ந்தார். "எங்கிட்ட அவரு ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத்தான் தெரியுமே, நான் எடுக்கலன்னு. என்னைய வெளிய போச் சொன்ன ஜனங்ககிட்ட சொல்லணும். அத என் காதால கேட்டுட்டுப் போயிடுவேன்."

காத்தாயி தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள். அய்யாக்கண்ணு சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுவியும் வெளுக்காத கையால் மெதுவாகப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்தார்.

அப்போது கேட்டது அந்தச் சத்தம்.

டங்.

சபைப் பக்கமிருந்து. வேப்பமரத்துத் தண்டவாளம். மறுபடி, டங். பிறகு இடைவெளி விட்டு, தாறுமாறாக, மூன்று முறை.

தெருவில் கதவுகள் திறந்தன. "என்னடி இது, சனிக்கிழமை மணியடிக்குது?" "யாரு செத்தது?" "நம்ம தெருவுலயா?" பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வாசலுக்கு வந்தார்கள். ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சபையை நோக்கி நடந்தார்கள்.

அய்யாக்கண்ணுவின் கை தட்டிலேயே நின்றது.

"அடிக்கத் தெரியாதவன் யாரோ அடிக்கிறான்" என்றார்.

காத்தாயி அடுப்பை அணைத்தாள். "அவருதாண்ணே" என்றாள்.  "எந்திரிங்கண்ணே, போவலாம்."

அய்யாக்கண்ணு சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இதக் கேக்கத்தான் வந்தேன். இப்ப கால் வரமாட்டேங்குது. அந்த எடத்துல வச்சித்தான என்னைய... நீ போ தங்கச்சி. நான் இங்கயே இருக்கேன்."

காத்தாயி மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். தமிழ்மாறன் பானை மூடியிலிருந்த சாவியை எடுத்தான். வாசல்படியில் கால் வைத்தவனை அய்யாக்கண்ணு கூப்பிட்டார்.

"மாப்ள."

திரும்பினான்.

"போயி பாரு. அவரு வாயத் தொறந்து சொல்லுறாரா, இல்ல வேற எதாச்சும் சொல்லி மழுப்புறாரான்னு பாரு. பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்." பிசைந்த சோற்றோடு கறுத்த கை தட்டில் கிடந்தது. "இந்தத் தடவ பாத்தத பாத்தபடி சொல்லு."

தமிழ்மாறன் தெருவில் இறங்கி ஓடினான். பாதி வழியில் மணிச் சத்தம் நின்றுபோனது.